இன்னும் ஸ்வல்ப வேலை இருக்குது

எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் ஓடினால் சத்தமே வராது. வருகிறவர்கள் எல்லாம் புதுசா என்று கேட்பார்கள். புதுசாவது, மண்ணாவது. என் கல்யாணச் சீரோடு வந்த ஃபேன் அது. பக்கத்து வீட்டு அண்ணா ரிப்பேர் செய்து கொடுத்தார். கோடை ஆரம்பத்தில், தடதடவென்று உதறுகிறது என்று அவரிடம் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு வேர்க்குரு வந்து, அதுவாகவே காய்ந்து, வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அதைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இப்ப எதுக்குண்ணா ஃபேன்? கம்பளி இருந்தா குடுங்க" என்றேன்.

அவருக்குக் கோபம் வராது. "புஷ் தேஞ்சிருந்துச்சு அம்மிணி. அதை மாத்தினா, இறக்கை லேசா கோணலா இருந்துச்சு. கோணலோட குடுக்க மனசு ஒப்பல" என்றார். ஃபேனை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். மேஜை சமமாக இல்லையாம். காலுக்கு அடியில் வைக்க அட்டை கேட்டார்.

அந்த ஒற்றைக் கண் பார்வையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. கூடவே வயிற்றெரிச்சலும் வருகிறது. எதை எடுத்தாலும் அவர் அப்படித்தான் பார்ப்பார். கதவு, டம்ளர், விரித்துப் போட்ட பாய், கல்யாண வீட்டில் வரிசையாகப் போட்ட இலை, எல்லாவற்றையும். அந்தக் கண்ணுக்கு எதிலாவது ஒரு கோணல் அகப்பட்டுவிடும். அகப்பட்டால் தீர்ந்தது.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக நாலைந்து வீடுகள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவரும், நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் சம்சாரமும் கௌதள்ளிக்காரர்கள். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பக்கம் இருக்கிற ஊர். அவர்கள் பேசுகிற தமிழில் ஒரு இழுவையும் மரியாதையும் இருக்கும். என் அப்பா கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் மைசூரிலேயே பிறந்தவள், என் தமிழில் பாதிக்குப் பாதி கன்னடம். "உன்ற தமிழைச் சல்லடையில சலிச்சுத்தான் கேக்கோணும்" என்று அக்கா கேலி செய்வாள்.

ஆனால் அவரையும் மைசூர் விட்டுவைக்கவில்லை. "ஆயித்தா அண்ணா?" என்று யார் எதைக் கேட்டாலும், முடிந்ததா என்று கேட்டாலும், அவரிடமிருந்து, கொஞ்சம் என்பதற்குக் கன்னட ஸ்வல்பத்தைப் போட்டு, ஒரே பதில்தான் வரும். "இன்னும் ஸ்வல்ப வேலை இருக்குது."

ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயிண்டனன்ஸ் வேலை பார்த்தார். அங்கே அவருக்கு நல்ல பெயர். அவர் கை வைத்த மெஷின் திரும்பப் படுக்காது என்பார்கள். அங்கே மேலே ஒரு ஆள் நின்று, போதும் விடுய்யா, ஓட்டு என்று சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். வீட்டில் அப்படிச் சொல்ல ஆளில்லை. அக்கா சொல்லுவாள், ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லுவாள்.

மண்டி மொஹல்லா சந்துகளில் பழைய சாமான் கடைக்குக் குறைவா? ஞாயிற்றுக்கிழமை ஆனால் எதையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஒரு குக்கர் வந்தது. அதற்கு வளையம் மாற்றி, வால்வு மாற்றி, கண்ணாடி மாதிரித் தேய்த்து வைத்தார். கைப்பிடி லேசாக ஆடுகிறது என்று பேப்பரில் சுற்றிப் பரணில் ஏற்றினார். அக்கா இங்கே இருந்தவரை பழைய அலுமினியப் பாத்திரத்தில்தான் சோறு வடித்தாள். ஒரு ஸ்கூட்டர் வந்தது. பெயிண்ட் அடித்து, சீட்டு மாற்றி, புதுப் பெண் மாதிரி காம்பவுண்டில் நின்றது. அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனார். கார்புரேட்டர் இன்னும் செட் ஆகவில்லையாம். அதில் பின்னால் உட்கார்ந்து சாமுண்டி மலைக்கு ஒருதரம் போய்வர வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. மலைக்குப் போனாள், பஸ்ஸில்தான். பின்னால் அவர் ரிட்டயர் ஆகி இருவரும் கௌதள்ளிக்கே போனபோது அந்த ஸ்கூட்டரும் டெம்போவில் சாமான்களோடு படுத்துக்கொண்டு போனது.

இதெல்லாம் சிரிப்பதற்கு நன்றாக இருக்கும். நானே எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கிடார் கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவுக்கு ஊதுபத்தி கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இரண்டு பேர்தான் என்றாலும் அக்கா இருந்தால் காம்பவுண்டே நிறைந்திருக்கும். வாசனையோடு வந்து உட்காருவாள், பேசுவாள், எல்லாவற்றுக்கும் ஒரு பாட்டு முணுமுணுப்பாள். யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று அடுப்படியில் இருந்தே சொல்கிற காது அவளுடையது. "இந்தா, பருப்பு குழைஞ்சிரும், எறக்கு" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குக் கத்துவாள்.

அப்படிப்பட்டவள் என் குக்கர் கருகிய அன்று பேசாமல் இருந்தாள். அப்புறம் கதவைத் தட்டினால் திறக்கவில்லை. அப்புறம் போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். வலது காது போய்விட்டது, இடதும் போய்க்கொண்டிருக்கிறது, நரம்பு விஷயம், எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். காதில் மெஷின் வைத்துப் பார்த்தார்கள். "தகரத்தை உருட்டறாப்ல இருக்குது, பேச்சே இல்ல" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

அவரைக்காய் சீசன் அது. ஊறவைத்த அவரைக் கொட்டையை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலெடுத்துக்கொண்டு இருவரும் என் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். நான் அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.

"காது போறதுக்குள்ள கேக்கோணும்னு ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு இருக்குது" என்றாள்.

"என்னக்கா? மக குரலா?"

"அவ குரலை எதுக்கு? போனைப் போட்டாலே புகார்தான். இவுங்க கிடார் வாசிக்கறதை ஒருக்கா கேக்கோணும்."

எனக்குக் கையிலிருந்த கொட்டை தெறித்துவிட்டது. அந்த ஸ்பேனர் மனுஷனா, கிடாரா?

அப்போதுதான் சொன்னாள். கௌதள்ளியில் மாரியம்மன் பண்டிகைக்கு ஆர்கெஸ்ட்ரா போட்டிருந்தார்களாம். அக்காவுக்குக் கல்யாணம் ஆகாத வயசு. மேடையில் முன்னால் பாடுகிறவன் ஜிகினா சட்டையில் குதித்துக்கொண்டிருக்க, பின்னால் டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஒல்லிப் பையன் தலையைக் குனிந்தபடி கிடார் வாசித்துக்கொண்டு நின்றானாம். பாட்டுக்கு நடுவில் அவன் மட்டும் வாசிக்கிற ஒரு சின்னத் துண்டு வந்ததாம்.

"எல்லாப் புள்ளைகளும் பாட்டுக்காரனைப் பாத்துச்சு. நான் அந்தக் கையைத்தான் பாத்தேன். வெரலு அதுபாட்டுக்கு ஓடுச்சு. எங்கயும் நின்னு தேடல. அப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்று சொல்லி, அவரைக் கொட்டையைப் பிதுக்கியபடி அந்தத் துண்டை முணுமுணுத்தாள். எனக்கு அது தெரிந்த ராகமாகத்தான் இருந்தது. வருஷக்கணக்காகச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற முணுமுணுப்பு அது. இன்ன பாட்டு என்று மட்டும் நான் கேட்டதே இல்லை.

மைசூருக்கு வேலைக்குக் கிளம்பும்போதே அவர் கிடாரை யாருக்கோ கொடுத்துவிட்டாராம். கல்யாணம் அதற்குப் பிறகுதான். கட்டிக்கொண்ட பிறகு அவர் வாசித்து அக்கா ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு ஹார்டுவேர் கடையில், பில் போடுகிற வேலை. எங்கள் கடைக்குப் பின் சந்தில் இருக்கிற பழைய சாமான் கடையில் ஒரு கிடார் தொங்குவதை அக்காதான் கண்டுபிடித்தாள். மடக்குக் கட்டிலுக்கும் உடைந்த மிக்ஸிக்கும் நடுவில் தொங்கியது. பேரம் பேச என்னையும், வாசிக்க அவரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

உடம்பெல்லாம் கீறல். அதைக்கூட மன்னிக்கலாம். கழுத்தில், விரல் வைத்து அழுத்துகிற நீளப் பலகை இருக்கிறதே, அதற்கு ஃப்ரெட்போர்டு என்று பெயர், அதைத் தொட மனசு வராது. ஈட்டி மரமாம். மரம் எங்கே தெரிந்தது? யார் யாருடைய விரல் வேர்வையோ தூசியோடு சேர்ந்து, அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேன் மாதிரி பிசுக்கென்று அப்பிப்போய் இருந்தது. பலகைக்குக் குறுக்கே பதித்த சின்னச் சின்ன உலோகப் பட்டைகள் பச்சை பூத்துக் கிடந்தன. இருந்த கம்பிகளும் துரு.

கடைக்காரன் எடுத்து அவர் கையில் கொடுத்தான். இடது கை தானாகப் போய் அந்தப் பலகையில் உட்கார்ந்தது. விரல்கள் விரிந்து, தயங்கி, ஒரு இடத்தில் அழுத்தின. வலது கையால் ஒரே ஒருமுறை மீட்டினார். சட்டியைத் தட்டினாற்போல் ஒரு சத்தம். உடனே கையை எடுத்துவிட்டார். விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பாக இருந்தன. நானும் அழுக்கைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"போர்டு சரியில்ல" என்றார். "முதல்ல இதைச் சுத்தம் பண்ணோணும்."

"பண்ணுங்க, பண்ணுங்க. காது இருக்கறப்பவே ஒருக்கா வாசிச்சுப்போடுங்க" என்று அக்கா சிரித்தாள்.

அந்த வேலையை அவர் செய்த அழகைப் பற்றிக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பழைய போர்வையை விரித்து அதன்மேல் கிடாரைப் படுக்க வைப்பார். கம்பிகளைக் கழற்றினார். நடுவில் இருக்கிற ஓட்டைக்குள் தூள் போகாமல் டேப் ஒட்டி மூடினார். செல்லாத ஏடிஎம் கார்டு ஒன்றை வைத்து, பட்டைகளின் ஓரமாக அழுக்கைச் சுரண்டினார். சாக்கடைத் தூர் மாதிரி அது சுருள் சுருளாக வந்தது. பிறகு பல் துலக்குகிற பிரஷ். பிறகு மரத்தின்மேல் டேப் ஒட்டி மூடிவிட்டு, எங்கள் கடையில் வாங்கிய மெல்லிய ஸ்டீல் நார் எடுத்து ஒவ்வொரு பட்டையாகத் தேய்த்தார். உதிர்ந்த இரும்புத் தூளை ஒரு காந்தத்தால் வாரி எடுத்தார். இதற்கெல்லாம் போனில் வீடியோ பார்ப்பார். வெளிநாட்டுக்காரன் யாரோ கிடாரைத் துடைத்து, கடைசியில் வாசித்தும் காட்டுவான். இவர் சத்தத்தை அமர்த்திவிட்டுத்தான் பார்ப்பார்.

கடைசியில் எலுமிச்சை எண்ணெய் என்று ஒரு சின்ன பாட்டில் தபாலில் வந்தது. "அட, என்னைக் கேட்டா நானே பழம் பிழிஞ்சு குடுத்திருப்பனே" என்றாள் அக்கா. அதில் இரண்டு சொட்டுத் துணியில் விட்டு அவர் தடவியபோது மரம் வெளியே வந்தது. கருஞ்சிவப்பில், நடுவில் பழுப்பு ரேகை ஓடி, வெயிலில் அப்படி மினுங்கியது. நான் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "ஆயிருச்சுங்களா?" என்றாள்.

அவர் கிடாரின் கழுத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஒரு பட்டை தலை தூக்கியிருக்குது. இன்னும் ஸ்வல்ப வேலை."

அந்தப் பட்டை படிந்தது. பக்கத்துப் பட்டை தூக்கிக்கொண்டது. அதைப் படிய வைத்தால் ஓரங்கள் கையைக் கீறுகின்றன என்று அரம் போட்டார். அரம் போட்டதில் பலகையில் ஒரு கோடு விழுந்துவிட்டது என்று மறுபடி தேய்த்து மறுபடி எண்ணெய். அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, அந்தத் துண்டை முணுமுணுத்தபடியே பார்ப்பாள். எனக்கு முதலில் தெரியவில்லை. மழைக்காலம் வந்தபோதுதான் கவனித்தேன். அந்த முணுமுணுப்பு இடம் மாறிக்கொண்டிருந்தது. ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை. அவளுக்கு அது தெரியவில்லை. அவர் கை ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் மெல்லிய உப்புத்தாள் கேட்டு எங்கள் கடைக்கு வந்த அன்று என்னால் அடக்க முடியவில்லை. ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"அண்ணா, போதும் விடுங்க. அக்காவோட காது என்ன ஃபேனா, அப்புறமா புஷ் மாத்திப் போட? இருக்கறதை வெச்சு இன்னிக்கே வாசிங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு உப்புத்தாளைத் தடவிப் பார்த்தார். "அவ அத்தன வருசமா மனசுல வெச்சிருக்கறா அம்மிணி. அரைகுறையா வாசிச்சு அதைக் கெடுக்கக் கூடாதுங்க" என்றார். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நியாயமாகச் சொன்னார். நானும் பில்லைப் போட்டுக் கொடுத்தேன்.

தசரா வந்தது. ஒருவழியாக வேலை முடிந்துவிட்டது என்று அவரே சொன்னார். புதுக் கம்பி வாங்கியாயிற்று. ஆயுத பூஜைக்குக் கிடாரையும் வைத்துக் கும்பிட்டு, விஜயதசமி அன்று கம்பி மாட்டி வாசிப்பது என்று ஏற்பாடு. அக்கா என்னையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுவிட்டாள். கேசரி செய்வதாகச் சொன்னாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்போது இடது காதில் வாயை வைத்துப் பேசினால் கேட்கும்.

பூஜை அன்று அவர்கள் வீட்டில் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். ஸ்கூட்டர் வாசலில். உள்ளே அவருடைய ஸ்பேனர், அரம், சுத்தியல், அக்காவின் மிக்ஸி, கத்தரிக்கோல், அரிவாள்மனை, நடுவில் கிடார். அவர் வாசலில் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே போய் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். மிக்ஸிக்கு ஒன்று, அரிவாள்மனைக்கு ஒன்று. கிடார் விசேஷம் அல்லவா? கம்பி இல்லாமல் பளபளவென்று கிடந்த அந்தப் பலகையில், பட்டைக்குப் பட்டை நடுவே ஒவ்வொரு கட்டத்திலும் குழைத்த சந்தனம் அப்பி, அதன்மேல் ஈரக் குங்குமம் வைத்தாள். மேலிருந்து கீழ்வரை. அழகாகத்தான் இருந்தது. நானும் கைதட்டினேன். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது என்பது வழக்கம். ராத்திரி முழுக்க அது அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் துடைத்தால் சந்தனம் வந்தது, சிவப்பு வரவில்லை. சுரண்டித் தேய்த்துத் திறந்து வைத்த மரம், உள்ளே குடித்துவிட்டது. கட்டத்துக்கு ஒன்றாகச் சிவப்புத் திட்டு.

அக்கா கையைப் பிசைந்தாள். "எல்லா மிஷினுக்கும் வைக்கறாப்லதானுங்க வெச்சேன். இருந்தா இருந்துட்டுப் போகுது. அம்மனோட குங்குமந்தானே, அதுமேலயே வாசிங்க."

"அதெப்படி?" என்றார். "இதை எடுத்துட்டுத்தான் கம்பி மாட்டோணும். பரவால்ல விடு, எடுத்துரலாம்."

கோபப்படவே இல்லை. காம்பவுண்டில் எல்லாரும் என்ன பொறுமை என்று மெச்சினார்கள். எனக்கு மட்டும் அவர் முகம் பிடிபடவில்லை. பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது அது. கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

மறுபடி பிரஷ், மறுபடி உப்புத்தாள், மறுபடி எண்ணெய். குளிர் ஆரம்பித்தது. அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், ஆனால் படுத்துவிட்டாள். அது விட்ட அன்று காலையில் நான் கஞ்சி கொண்டுபோனேன். "அக்கா" என்று இடது காதில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். என் மூச்சு பட்டதற்குத் திரும்பினாளே தவிர, குரலுக்குத் திரும்பவில்லை. "ஏன் கண்ணு சத்தமில்லாம பேசறே?" என்று ஊரே கேட்கிற மாதிரிக் கத்தினாள். அவர் ஸ்டவ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் வெந்நீர்ப் பாத்திரம். அதை அடுப்பில் வைக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஏதேதோ ஊசி போட்டுப் பார்த்தார்கள். போனது போனதுதான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுபடி அவரைக்காய் சீசன். நான் தனியாக உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து ஜன்னல் கம்பியைத் தட்டினாள். நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். "வா, உங்கண்ணன் கம்பி மாட்டிட்டாங்க. வாசிக்கப் போறாங்க" என்று கத்தினாள். "நீ கேட்டுச் சொல்லோணும்."

 கையைக் கழுவிவிட்டுப் போனேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்கு நேர் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் பழக்கதோஷத்தில் அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்தேன். பலகையில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. பட்டைகள் வெள்ளி மாதிரி இருந்தன. அப்படி ஒரு பலகை எந்தப் பெரிய கடையிலும் இருக்காது. அவர் போனைப் பார்த்துப் பார்த்துக் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தார். அக்காவைப் பார்த்தார். வாசித்தார்.

அந்தத் துண்டுதான். எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. ஆரம்பம் சரியாக வந்தது. பிறகு விரல் நின்றது. தேடியது. அழுத்தியது, கம்பி டர்ரென்று அதிர்ந்தது. எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தார். அதுவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கட்டைபோல விறைத்த விரல்கள், ஸ்பேனர் பிடித்தே பழகியவை, ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தட்டுத்தடுமாறிப் போயின. நெற்றி வேர்த்துவிட்டது. என்னைப் பார்க்கவே இல்லை. எப்படியோ கடைசிவரை போய் நிறுத்தினார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "எப்படி இருந்துச்சு?"

நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். வாயைப் பெரிதாகத் திறந்து "சூப்பர்க்கா" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "பொய் சொல்லாத" என்றாள். "அன்னிக்கு அந்த வெரலு எங்கயும் தேடல. இன்னிக்கு ஒவ்வொரு கட்டத்துலயும் தேடுச்சு."

பிறகு அவரைப் பார்த்தாள். அவள் மெதுவாகத்தான் கேட்க நினைத்தாள் என்று நினைக்கிறேன். அவளுக்குத் தன் குரலின் அளவு தெரியவில்லை. காம்பவுண்டு முழுக்கக் கேட்டது.

"இதுக்குத்தானுங்களா இத்தன நாளும் தொடைச்சீங்க? தப்பா வாசிச்சா நான் என்னுங்க சொல்லப்போறேன்? தப்பாவே போன வருசம் வாசிச்சிருக்கலாம்ல? கேட்டிருப்பனே."

அவர் தலை நிமிரவில்லை. அப்படியே என்னிடம், பக்கத்தில் இருக்கிற அவளுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் பேசினார். "அந்தக் கடையில தொட்டப்பவே தெரிஞ்சுபோச்சு அம்மிணி. கை மறந்துருச்சு. எப்படிச் சொல்றது இவகிட்ட? இவ அந்தக் கையைத்தானே கட்டிட்டு வந்தா."

சொல்லிவிட்டு, மடியிலிருந்த துணியை எடுத்துக் கம்பிகளுக்கு அடியில் விட்டுப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

அக்கா எட்டி அந்தத் துணியைப் பிடுங்கினாள். பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தொடைச்சது போதும்" என்றாள். "இன்னொருக்கா வாசிங்க. நான் கையைப் பாக்கறேன்."

அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் விரல் நின்றது.